ஒரிஜினல் இல்லாத கதவுகள்

"ஒரிஜினல்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்ப எரிச்சல்தான் வருது. பழைய கார் நிற்கிற வீட்டில வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். யாழ்ப்பாணத்தில அப்படியான வீடுகளுக்கு எப்படியும் ஒரு புரோக்கர் வந்து போயிருப்பார். எங்கட மொறிஸ் மைனரைப் பார்க்க வந்தவர் பொனற்றுக்குள்ள எட்டிப் பார்த்தார், கதவுகளைத் திறந்து சாத்திச் சத்தம் கேட்டார், கடைசியில கதவின்ர உள்பக்கத்தை விரலால தட்டிப்போட்டு, "தங்கச்சி, பொடி நல்லம். ஆனா இந்த டோர் பலகை வீட்டில செய்ததெல்லோ? ஒரிஜினல் இல்லாட்டி எடுக்கிற ஆக்கள் விலையை இறக்குவினம்" என்றார். காரை விற்கிற யோசனை எங்களுக்கு இல்லை என்பதால் அந்த விலை ஒரு பிரச்சினையாக இருக்கேல்ல. பிரச்சினை அந்தத் தட்டலில இருந்த இளக்காரம்தான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: பழைய காரில வீட்டில செய்யக்கூடிய பகுதி ஒன்று இருக்குமென்றால் அது கதவின் உள்பலகை. அதை வீட்டில செய்யிறது ஒரு குறைச்சலும் இல்லை. நல்லாச் செய்தால் கொம்பனி செய்ததை விட நல்லதாகவே செய்யலாம்.

முதல்ல, அந்த "ஒரிஜினல்" என்னத்தால செய்தது என்று பார்ப்பம். ஐம்பதுகள், அறுபதுகளின் பிரித்தானியக் கார்களில் கதவின் உள்பக்கம் பெரும்பாலும் மெல்லிய ஹாட்போட், இல்லாட்டி அழுத்திய கடதாசி மட்டை. அதுக்கு மேல ஒரு துணியோ றெக்சினோ. ஹாட்போட் என்ற பொருளே எப்படி வந்தது தெரியுமோ? 1924இல அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் லோரல் என்ற ஊரில, மரஆலைகளில எறியப்படுகிற கழிவுத் துண்டுகளை என்ன செய்யலாம் என்று யோசித்த வில்லியம் மேசன் என்பவர், அதை நீராவியில வெடிக்க வைத்து நாராக்கி, சூட்டில அழுத்திப் பலகையாக்கினார். மரக்கழிவு. அதைக் கார்க் கொம்பனிகள் எடுத்ததுக்குக் காரணம் அது மலிவு, லேசு, வெட்டச் சுகம் என்பதுதான். ஆக, நாங்கள் இப்ப கோயில் சிலை மாதிரிப் பாதுகாக்க வேணும் என்று சொல்லப்படுகிற பொருள், தொழிற்சாலையில ஒருத்தர் காசு மிச்சம் பிடிக்கத் தெரிவு செய்த பொருள். அவையள் மலிவாகச் செய்தால் ஒரிஜினல், நாங்கள் மலிவாகச் செய்தால் ஒப்பேத்தலோ?

ஹாட்போட்டுக்கு ஒரு எதிரி இருக்கு: தண்ணி. கார்க் கதவு தண்ணி போகாத பெட்டி என்று கன பேர் நினைக்கினம். இல்லை. கண்ணாடி இறங்கி ஏறுகிற இடைவெளியால மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும். அதுக்காகத்தான் கதவின் அடியில சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள், உள்ளே போன தண்ணி அதால வடியும். கதவுக்கும் பலகைக்கும் நடுவில மெழுகுக் கடதாசியோ பொலித்தீனோ ஒட்டியிருக்கும், அது பலகையைக் காப்பாற்றும். அறுபது வருசத்தில அந்த ஓட்டைகள் புழுதியாலயும் துருவாலயும் அடைபட்டுப் போகும். கடதாசியைக் கண்ணாடி திருத்த வந்த யாரோ ஒருத்தர் கிழித்து எறிந்திருப்பார். பிறகு ஒரு நல்ல கார்த்திகை மாரி போதும். பலகையின் அடி ஊதி, பிஸ்கட் தேத்தண்ணியில ஊறின மாதிரி உதிரத் தொடங்கும். கிளிப் பிடிக்க இடமில்லாமல் பலகை தொங்கும், கதவைச் சாத்தும்போது டமார் என்று அடிக்கும். எங்கட காருக்கும் நடந்தது இதுதான். கன பேருடைய கார்களுக்கும் நடந்திருக்கு.

இதுக்கு மூன்று வழி. இங்கிலாந்தில இருந்து புதுப் பலகை வரவழைக்கலாம். மைனருக்கு அங்க இன்னமும் உதிரிப்பாகக் கடைகள் இருக்கு, எல்லாமே கிடைக்கும். விலை நூற்றுக்கணக்கான பவுண், அதுக்கு மேல அனுப்புகூலி, சுங்கத்தீர்வை. பெட்டி பெரிசு, பாரமில்லை, ஆனால் இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு. இரண்டாவது, குசன் கடையில குடுக்கலாம். எங்களுக்குச் சொன்ன விலை கதவொன்றுக்கு 9,000 ரூபா. அந்த விலை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த வேலை தெரிந்தவர்களுக்கு அது கூலி. மூன்றாவது, வீட்டில செய்யிறது. எங்களுக்கு நாலு கதவுக்கும் சேர்த்துப் பலகை, றெக்சின், பசை, கிளிப், வாணிஷ் எல்லாமாக 14,000 ரூபாவுக்குக் கொஞ்சம் கூட முடிந்தது.

செய்யிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும். ஏனென்றால் "வீட்டில செய்தது" என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்தது அவசரமாகச் செய்தவர்களால.

பலகையைக் கழற்ற முதல் கண்ணாடி ஏத்துகிற கைபிடியையும் கதவு திறக்கிற கைபிடியையும் எடுக்க வேணும். சில கார்களில நடுவில ஒரு ஸ்குரு தெரியும். சிலதில கைபிடிக்குப் பின்னால இருக்கிற வட்டத் தகட்டை உள்ளே அமத்திப் பிடித்தால் ஒரு சின்ன ஆணி தெரியும், அதைத் தட்டி எடுக்க வேணும். பலத்துக்கு இழுத்தால் கைபிடிதான் உடையும். அதுக்குப் பிறகு பலகையின் ஓரத்தில தட்டையான ஒன்றை விட்டு, கிளிப் இருக்கிற இடத்துக்குக் கிட்ட நெம்பி ஒவ்வொன்றாக விடுவிக்கலாம். பழைய பலகை எவ்வளவு உக்கியிருந்தாலும் எறியக் கூடாது. அதுதான் அச்சு. அடி உதிர்ந்து போயிருந்தால் மறுபக்கக் கதவின் பலகையைப் புரட்டி வைத்துக் கோடு கீறலாம், இடதும் வலதும் கண்ணாடியில பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். இரண்டும் உக்கியிருந்தால் பிறவுண் பேப்பரைக் கதவில ஒட்டி, ஓட்டைகளை விரலால தடவிப் பென்சிலால எடுக்க வேணும்.

எந்தப் பலகை? இதில எனக்குத் திட்டமான அபிப்பிராயம் இருக்கு. திரும்பவும் ஹாட்போட் வாங்கினால் திரும்பவும் அதே கதை. எம்டிஎப் இன்னும் மோசம், தண்ணி பட்டால் அதைவிடக் கெதியாக ஊதும். இப்ப கடை முகப்புகளுக்கு அடிக்கிற அலுமினியக் கிளாடிங் துண்டுகளைச் சிலர் பாவிக்கினம், தண்ணி பற்றிக் கவலை இல்லைத்தான், ஆனால் அதில றெக்சினை மடித்து ஒட்டுகிற ஓரம் கூராக நிற்கும். பெயர்ப்பலகை செய்கிறவர்களின் பிவிசி போட் வெயிலில நிறுத்தின காருக்குள்ள வளைந்து போகும், எங்கட வெயில் அப்படி. நான் சொல்லுவது 3 மில்லிமீற்றர் பிளைவூட். எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றில மைனரின் நாலு கதவும் தாராளமாக வரும். மரீன் பிளைவூட் கிடைத்தால் நல்லது, விலை கூட. சாதாரணமானது என்றால் வெட்டி, ஓட்டையெல்லாம் போட்டு முடிந்த பிறகு இரண்டு பக்கமும் வாணிஷ் அடிக்க வேணும், ஓரங்களுக்கு மட்டும் மூன்று தரம். தண்ணி குடிக்கிறது ஓரத்தாலதான். நாலு மில்லிமீற்றர் எடுத்தால் உறுதி என்று நினைக்க வேண்டாம். கிளிப்புகள் மெல்லிய பலகைக்குச் செய்தவை, தடித்தால் ஓட்டைக்குள்ள போய்ப் பிடிக்காது.

கிளிப் ஓட்டைகள்தான் முழு வேலையின் உயிர். ஓரத்தில இருந்து எவ்வளவு தூரம் என்பது இரண்டு மில்லிமீற்றர் பிழைத்தாலும் பலகை கதவில உட்காராது. ஒரு கதவை முழுதாக முடித்து, றெக்சின் ஒட்டாமல் வெறும் பலகையாகப் பூட்டிப் பார்த்து, கண்ணாடியை ஏத்தி இறக்கி, கதவைப் பத்துத் தரம் சாத்திப் பார்த்த பிறகு மற்ற மூன்றையும் வெட்டலாம். பலகை பூட்ட முதல் கதவடி ஓட்டைகளைக் கம்பியால குத்தித் துப்புரவாக்க வேணும். பிறகு தடித்த பொலித்தீனைக் கதவில ஒட்டி, அதன் அடி நுனியைக் கதவுக்குள்ள விட்டு விட வேணும், தண்ணி பலகைப் பக்கம் வராமல் உள்ளேயே வடியும். இந்தப் பொலித்தீனுக்கு ஐம்பது ரூபா கூட வராது. இதைச் செய்யாமல் ஆயிரம் பவுணுக்குப் பலகை வாங்கிப் போட்டாலும் அடுத்த மாரிக்கு அதுவும் ஊதும். ஒரிஜினல் பைத்தியத்தில இருக்கிறவர்கள் இந்த ஒன்றைத்தான் அதிகம் மறக்கினம். வெளியில தெரியாதே!

மேலுறைக்கு மெல்லிய ஸ்பொன்ச், அதுக்கு மேல றெக்சின், இரண்டரை யார் போதும். ஸ்பொன்சைப் பலகையின் அடிவரை கொண்டுபோகாமல் இரண்டு அங்குலம் விட்டு நிறுத்தினால் நல்லது, அது தண்ணியை உறிஞ்சி வைத்திருக்கிற சாமான். பசையை இரண்டு பக்கமும் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுப் பிறகு ஒருக்காச் சேர்க்க வேணும், சேர்த்தால் திரும்ப எடுக்க ஏலாது. விறாந்தையில வைத்துச் செய்யுங்கோ, அறைக்குள்ள என்றால் அந்த மணத்தில தலை சுத்தும். றெக்சினைப் பின்பக்கம் மடித்து ஸ்டேப்பிள் அடிக்கலாம் என்று யூரியூப்பில காட்டுவினம். மூன்று மில்லிமீற்றர்ப் பலகையில அடித்தால் ஊசி முன்பக்கத்தால எட்டிப் பார்க்கும். பசை போதும்.

கோடு கோடாகத் தையல் விழுந்த பலகைதான் பழைய காருக்கு வடிவு. அந்தத் தையலை எங்கட வீட்டில போட்டது அம்மா, வீட்டுச் சிங்கர் மெசினில, 18ஆம் நம்பர் ஊசி மாட்டி. ஸ்பொன்சையும் றெக்சினையும் சேர்த்துத் தைக்கும்போது மெசினின் கால் றெக்சினில ஒட்டி இழுபடும். மேல ஒரு கடதாசியை வைத்துத் தைத்துப்போட்டுக் கிழித்து எடுத்தால் ஒட்டாது என்பது அம்மாவுக்கு முதலே தெரிந்திருந்தது, சாரி பிளவுஸ் தைத்த அனுபவம். இப்ப காரைப் பார்க்கிற ஆக்கள் அப்பாவைத்தான் "நீங்களோ செய்தது?" என்று கேக்கினம். அப்பா இல்லை என்று சொன்னாலும், அடுத்த கேள்வியையும் அப்பாவிட்டத்தான் கேக்கினம். கார் என்றால் ஆம்பிளை வேலை. தையல் என்றால் வேலையே இல்லை. கதவுப் பலகை இந்த இரண்டுக்கும் நடுவில மாட்டுப்பட்ட ஒரு சாமான்.

இனி இதில எனக்கு முக்கியமாகப் படுகிற விசயம். வீட்டில செய்த சாமான் என்றாலே எங்கட ஊரில இரண்டு விதமான பேச்சு வரும். ஒன்று அந்தப் புரோக்கரின் இளக்காரம். மற்றது அதுக்கு நேர் எதிரானது: "தடைக் காலத்தில எங்கட ஆக்கள் செய்யாததோ?" என்ற பெருமை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லை, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில கார் ஓடினது, சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்டது, ஜாம் போத்தலில விளக்கு எரிந்தது. இந்தக் கதைகளை எங்கட தலைமுறை கேட்டுக் கேட்டே வளர்ந்தது. எனக்கும் இவை பிடிக்கும். ஆனால் சொல்லுகிற விதத்தில ஒரு பிசகு இருக்கு. ஏதோ தடை எங்களுக்கு மூளையைத் தந்த மாதிரிச் சொல்லுவினம். தடை தந்தது மூளையை இல்லை, வேறு வழி இல்லாத நிலையைத்தான். மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின் புகை தள்ளினது, பழுதானது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் அந்தக் காரைத்தான் நம்பியிருந்தார்கள். அதைக் கொண்டாட்டமாக மட்டும் சொல்லுறது எனக்குச் சரியாகப் படேல்ல.

இதோட சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கதை இருக்கு, அதை யாழ்ப்பாணத்தில யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கிலாந்தில பாத் நகரத்தில மொறிஸ் மைனர்களைத் திருத்தி ஓட வைக்கிற நிலையம் நடத்தின சார்ல்ஸ் வேர் என்றொருத்தர், ஒரு காரை ஏழெட்டு வருசத்தில எறியாமல் திருத்தித் திருத்தி வாழ்நாள் முழுக்க வைத்திருக்கலாம் என்று புத்தகமே எழுதினவர். அவருடைய முயற்சியோடு தொடர்பாகத் தொண்ணூறுகளில காலியில ஒரு தொழிற்சாலை வந்தது. அங்க எங்கட நாட்டுத் தொழிலாளர்கள் மைனரின் உதிரிப்பாகங்களைக் கையால செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதாவது, இங்கிலாந்தில "நல்ல பாகம்" என்று வாங்கிப் பூட்டினதில ஒரு பங்கு இலங்கையில தட்டி வளைத்தது. அதே பத்தாண்டில, அதே தீவின் மற்றத் தொங்கலில, அதே காருக்கு எங்கட கராஜ்களில தகரம் வெட்டி ஒட்டினார்கள். சுத்தியல் ஒன்று, கை வேலை ஒன்று. காலியில செய்தால் ஏற்றுமதி, யாழ்ப்பாணத்தில செய்தால் ஒப்பேத்தல். வித்தியாசம் திறமையில இருக்கேல்ல. ஒரு பக்கத்துக்குத் தகடும் மின்சாரமும் வாங்குகிற ஆளும் இருந்தது, மற்றப் பக்கத்துக்கு ஒன்றும் இருக்கேல்ல.

அதனாலதான் இப்ப, கடையில பிளைவூட்டும் றெக்சினும் வாங்கக்கூடிய காலத்தில, நாங்களாக விரும்பிச் செய்யிற கதவுப் பலகையைத் தடைக் காலத்து வீரக் கதையோட சேர்க்க நான் விரும்பேல்ல. அது வேறு. இது நேரம் எடுத்து, நல்ல பொருள் தெரிவு செய்து, பிடிக்காட்டிக் கழற்றித் திரும்பச் செய்யக்கூடிய வேலை.

"ஒரிஜினல்" பற்றி இன்னும் ஒன்று. எங்கட காரின் இலக்கத்தகட்டில சிங்கள "ஸ்ரீ" இருக்கு. 1958இல அந்த எழுத்துக்கு எதிராக வடக்குக் கிழக்கில போராட்டமே நடந்தது, தகடுகளில தமிழ் எழுத்து எழுதினார்கள், மற்றப் பக்கத்தில தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள், அந்த வருசமே இனக்கலவரமும் வந்தது. இப்ப பழைய கார் சேர்க்கிற ஆக்களுக்கு அந்த ஸ்ரீத் தகடு ஒரு அழகுப் பொருள், இருந்தால் விலை கூடும். ஒரு பொருள் முதன்முதலா எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேணும் என்று சொல்லும்போது, எந்த வருசத்தை "முதல்" என்று எடுக்கிறம் என்ற கேள்வி இருக்கு. எங்கட காருக்கு 1964 மட்டும் நடக்கேல்ல. அதுக்குப் பிறகு இடம்பெயர்வும் நடந்தது, மண்ணெண்ணெயும் நடந்தது, அம்மாவின் தையலும் நடந்தது. இதையெல்லாம் சுரண்டி எடுத்துப்போட்டு 1964ஐ மட்டும் வைத்திருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியேல்ல.

எல்லாத்தையும் வீட்டில செய்யலாம் என்று நான் சொல்லுகிறதாக யாரும் எடுக்க வேண்டாம். பிறேக், ஸ்ரியறிங், பெற்றோல் குழாய், சில்லுக்கு மேல வாற பாரத்தைத் தாங்குகிற எந்தச் சாமான் என்றாலும் அதில வீட்டுப் பரிசோதனைக்கு இடமில்லை. அங்க காசு குடுத்துத் தெரிந்த ஆளிட்டப் போக வேணும், பாகமும் சரியான பாகமாக இருக்க வேணும். ஆனால் நடைமுறையில நான் பார்க்கிறது தலைகீழ். கதவுப் பலகை ஒரிஜினல் வேணும் என்று மாதக் கணக்கில காத்திருக்கிற அதே ஆள், தேய்ந்த பிறேக்கோட பருத்தித்துறை றோட்டில ஓடுவார். கண்ணுக்குத் தெரியிற இடத்தில பக்தி, காலுக்குக் கீழ அலட்சியம்.

2020இல வாகன இறக்குமதியை நிற்பாட்டினபோது பழைய கார்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. கராஜ்களில பழையதைத் திருத்துகிற வேலை கூடினது. 2025 மாசியில தனியார் வாகனங்களுக்கும் திரும்பத் திறந்து விட்டார்கள், ஆனால் வரியோட சேர்த்து அந்த விலையில ஒரு கார் வாங்குகிறது எங்கட வயசு ஆக்களில கன பேருக்குக் கனவிலயும் இல்லை. வீட்டில இருக்கிற பழையது ஓடினால் ஓடும், இல்லாட்டி பஸ்தான். நான் இதைச் சோகமாகச் சொல்லேல்ல, பஸ் நல்லது. ஆனால் ஓடக்கூடிய ஒரு காரை, கதவுப் பலகை உக்கினது என்ற காரணத்துக்காகக் கொட்டிலுக்குள்ள நிற்பாட்டி வைத்து, "ஒரிஜினல் கிடைக்கட்டும்" என்று கோழி முட்டையிட விடுகிற வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளில ஒருத்தர் இதை வாசித்தால், உங்களுக்கு வேண்டியது ஒரு பிளைவூட்டும் இரண்டு சனி ஞாயிறும் மட்டும்தான்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பழைய காருக்குப் பலகை செய்கிற ஒவ்வொருத்தரும் முதலில இருந்து அச்சு எடுக்க வேண்டியிருக்கு, அதுதான் அரைவாசி வேலை. எங்களிட்ட மைனர் 1000 நாலு கதவுக்கும் பிறவுண் பேப்பர் அச்சு இருக்கு, கிளிப் ஓட்டை, கைபிடி ஓட்டை எல்லாம் குறித்து, எந்தக் கதவு என்றும் எழுதி. கேட்கிற ஆளுக்குக் குடுப்பம், படி எடுத்துப்போட்டுத் திருப்பித் தந்தால் போதும். ஒஸ்ரின் ஏ40க்கு யாரிட்டயாவது இருக்கோ? பக்கத்து ஒழுங்கையில ஒரு சொமசெற் நிற்குது, முன் இடது கதவில பலகையே இல்லை, சாக்குத்தான் கட்டியிருக்கு.